பி.எஸ்.6 டீசல் பிக்கப்: லைட் எரிந்தால் எங்கே தொடங்குவது?

காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால் பிக்கப் வண்டிகளின் குணம் எனக்கு அத்துப்படி. பி.எஸ்.4 என்ற பழைய புகை விதி இருந்த வரைக்கும் "புகை வருது", "இழுக்கல", "ஸ்டார்ட் ஆகல" என்ற மூன்றுக்குள் புகார்கள் அடங்கிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமான பிறகு நான்காவதாக ஒன்று சேர்ந்தது: "லைட் எரியுது."

டேஷ்போர்டில் இந்த எச்சரிக்கை லைட்டைப் பார்த்ததும் நம் ஆட்கள் நேராக டிபிஎஃப்-ஐக் கழற்றப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அனுபவத்தில் கண்டது வேறு. டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. டீ வடிகட்டி அடைத்துக்கொண்டால் தப்பு வடிகட்டியில் இல்லை, தூளில் இருக்கிறது. ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கரி ஏன் இவ்வளவு உற்பத்தியாகிறது? உற்பத்தியான கரி ஏன் எரியாமல் கிடக்கிறது? கீழே சொல்வது எல்லாம் இந்த இரண்டுக்கும் விடை தேடுவதுதான்.

புகை போகும் வழியை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கை ஈஜிஆர் கூலர் குளிரவைக்க, ஈஜிஆர் வால்வு திரும்ப உள்ளே அனுப்புகிறது. எரியும் சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், அதற்காக. மீதிப் புகை டர்போவைச் சுற்றிவிட்டு டிஓசி என்ற கேட்டலிஸ்டுக்குள் (வினையூக்கிப் பெட்டிக்குள்) போகிறது, அடுத்து டிபிஎஃப்-க்குள். டிபிஎஃப் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். ஒரு குழாய் முன்னால் திறந்து பின்னால் மூடியிருக்கும், பக்கத்துக் குழாய் முன்னால் மூடிப் பின்னால் திறந்திருக்கும். புகை சுவரைத் துளைத்துத்தான் போயாக வேண்டும், கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காக இசியு என்ற இஞ்சின் கம்ப்யூட்டர் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளிக்கும், அது டிஓசியில் எரிந்து சூட்டை ஏற்றும். இதுதான் ரீஜெனரேஷன், நம் டிரைவர்கள் வாயில் "ரீஜென்". டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால் உங்கள் வண்டியில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியாவும் எஸ்சிஆர் கேட்டலிஸ்டும் உண்டு. நீல மூடி இல்லாத மாடல்களில் யூரியா பற்றிய பகுதியை விட்டுவிடலாம்.

இசியுவைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும், அது காட்டும் பழுதுக் கோடை (பிழை எண்ணை) அழிக்காதீர்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நேரத்தில் வேகம், ஆர்பிஎம், கூலண்ட் சூடு என்ன இருந்தது என்ற பதிவு அதோடு சேர்ந்து இருக்கும். அழித்துவிட்டால் பாதிச் சாட்சி போய்விடும். பிறகு ஆயில் கேஜை உருவிப் பாருங்கள், கூலண்ட் டப்பாவைப் பாருங்கள், டிரைவரிடம் "வண்டி எங்கே ஓடுது, எவ்வளவு நேரம் ஐடிலிங்ல நிக்குது?" என்று கேளுங்கள்.

"டிபிஎஃப் லைட் எரியுது, ஆனா வண்டி நல்லாத்தான் ஓடுது"

இது நோய் இல்லை, வேண்டுகோள். ரீஜென் செய்யத் தகுந்த ஓட்டம் கிடைக்கவில்லை என்று வண்டி கேட்கிறது. டீசல் கால் டேங்குக்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் பல வண்டிகளில் ரீஜென் தொடங்கவே தொடங்காது. இஞ்சின் சூடேறியதும் நான்கு வழிச்சாலைக்குப் போய், ஒரு கியர் குறைத்து 2000–2500 ஆர்பிஎம்-ல் 20 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள்.

ரீஜென் நடக்கிறது என்பதை எப்படி அறிவது? ஐடிலிங் கொஞ்சம் ஏறி நிற்கும், ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், சூட்டு வாடை வரும். அப்போது சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். பாதியில் அணைத்தால் தெளித்த டீசல் வீண், கரியும் அப்படியே. நாலைந்து தடவை இப்படிப் பாதியில் நின்றால் லைட் மின்ன ஆரம்பிக்கும், அதன் பிறகு ஸ்கேனர் இல்லாமல் வழியில்லை.

டிரைவர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் நம் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயப்போடுவார்கள். ரீஜென் நடந்துகொண்டிருக்கும்போதோ முடிந்த உடனேயோ வைக்கோலின் மேலும் காய்ந்த சருகின் மேலும் வண்டியை நிறுத்தாதீர்கள். அடியில் இருப்பது அடுப்பு.

"ஓட்டினா அணையுது, நாலு நாள்ல திரும்ப வருது"

அதிகம் ஏமாற்றும் அறிகுறி இது. நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான்.

முதலில் பிரஷர் சென்சாரை நம்பலாமா என்று பாருங்கள். டிபிஎஃப்-க்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் இசியு கரியின் அளவைக் கணிக்கிறது. சாவி போட்டு, இஞ்சின் ஓடாத நிலையில் ஸ்கேனரில் அந்த வித்தியாசம் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சென்சார் பொய் சொல்கிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏற வேண்டும், விட்டால் உடனே இறங்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் ரப்பர் ஹோஸ் உருகியிருக்கலாம், கழன்றிருக்கலாம், உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது வடிகட்டியே உடைந்திருக்கலாம். மைனஸில் காட்டினால் யாரோ இரண்டு ஹோஸையும் மாற்றிச் செருகியிருக்கிறார்கள். விரல் நீள ஹோஸ் ஒன்று வெடித்திருந்ததற்காக முழு டிபிஎஃப் மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சென்சார் சரியென்றால் இரண்டாவது கேள்விக்குப் போங்கள். கரி ஏன் எரியவில்லை? ரீஜென் தொடங்குவதற்கு இசியு பல நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஈஜிஆர் கோடு ஏதாவது நிலுவையில் இருந்தால் பல வண்டிகளில் தொடங்காது. புகைச்சூட்டை அளக்கும் சென்சார்களில் ஒன்று போனாலும் தொடங்காது. இஞ்சின் போதுமான சூட்டுக்கு வராவிட்டாலும் தொடங்காது.

இந்தக் கடைசிக் காரணத்தை நான் ஒரு பால் வண்டியில் கற்றுக்கொண்டேன். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி ஊர் ஊராக நின்று கேன் ஏற்றும் வண்டி. வாரம் ஒருமுறை லைட். "ஷார்ட் டிரிப், அதான்" என்று முடிவு கட்டி இரண்டு முறை டிபிஎஃப்-ஐக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அவர்களுக்கு இரண்டு முறையும் பால் ஏற்ற வாடகை வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை ஸ்கேனரை மாட்டிக்கொண்டு நானே அந்த ரூட்டில் கூடப் போனேன். ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் கூலண்ட் சூடு 62 டிகிரியைத் தாண்டவில்லை. கூலண்ட் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான். அதை மாற்றிய பிறகு அதே ரூட்டில், அதே டிரைவரிடம், லைட் வரவில்லை. அன்றிலிருந்து டிபிஎஃப் புகாரோடு வரும் எந்த வண்டியிலும் கூலண்ட் சூட்டைப் பார்க்காமல் ஸ்பேனர் எடுப்பதில்லை.

ரீஜென் நன்றாக நடக்கிறது, ஆனாலும் சீக்கிரம் நிறைகிறது என்றால் முதல் கேள்வி: கரி ஏன் இவ்வளவு? ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலர் போகும் ஹோஸ், ஏர் ஃப்ளோ சென்சார் என்ற வரிசையில் பாருங்கள். காற்று குறைந்தால் கரி கூடும். ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் அதுவே நடக்கும். பிறகு டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். ஸ்கேனரில் நான்கு சிலிண்டருக்கும் இசியு டீசலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த அளவையும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட்டு விலகி நின்றால் அதன் மேல் சந்தேகம் வையுங்கள். ரிட்டர்ன் லைனில் நான்கு பாட்டில் கட்டி ஓடவிட்டால் எது அதிகம் வழிகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஷெட்டில் நிறுத்தி ஸ்கேனர் மூலம் கட்டாய ரீஜென் செய்வதானால், ஆயில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்புதான் தொடங்க வேண்டும். திறந்த வெளி, வெறும் தரை, சைலன்சர் வாய்க்கு நேரே எதுவும் இருக்கக்கூடாது. கரி அளவு எல்லையைத் தாண்டியிருந்தால் இசியு மறுக்கும். அந்த மறுப்பைத் தந்திரம் செய்து தாண்டாதீர்கள். அவ்வளவு கரியும் ஒன்றாகப் பற்றினால் பீங்கான் உருகும், வெடிக்கும்.

"ஆயில் குறையல சார், ஏறுது"

கேஜில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறதா? மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் இதுவும் மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். ரீஜெனுக்காகத் தாமதமாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. பாதியில் அணைக்கப்பட்ட ரீஜென்கள் எத்தனையோ அத்தனை தடவை கலக்கும். ஒழுகும் இன்ஜெக்டரும் காரணமாகலாம்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். டீசல் கலந்த ஆயில் தண்ணீர் போலாகி பேரிங்கைக் காக்காது. இன்னும் ஏறினால் அந்த ஆயிலையே இஞ்சின் உள்ளிழுத்து எரிபொருளாக்கிக்கொள்ளும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. உடனே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், மாற்றிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

மாற்றும் ஆயில் எது என்பதும் முக்கியம். டப்பாவில் சாம்பல் குறைந்த வகை என்பதைக் காட்டும் தரக்குறி இருக்க வேண்டும். கையேடு சொல்வதைப் பொறுத்து அது சி3 ஆக இருக்கலாம், சிகே-4 ஆக இருக்கலாம். சி3-ல் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, சிகே-4-ல் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. பழைய வண்டிக்கு ஊற்றிய ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றினால், அதன் சாம்பல் டிபிஎஃப்-ல் போய்ப் படியும். கரி எரியும். சாம்பல் எரியாது.

"ஏத்தத்துல இழுக்கல, செக் இஞ்சின் மட்டும் எரியுது"

கொடைக்கானல் மலையேறும் லோடு வண்டிகளில் இந்தப் புகார் அதிகம். கோடு பி0299 என்றால் டர்போ காற்று போதவில்லை. ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர் பக்கம் எண்ணெய் ஈரம் படிந்திருக்கிறதா என்று விளக்குப் போட்டுப் பாருங்கள். பி0087 என்றால் டீசல் அழுத்தம் குறைவு. டீசல் ஃபில்டரையும் அதன் அடியில் தேங்கிய தண்ணீரையும் பார்த்த பிறகே பம்பைக் குறை சொல்லுங்கள்.

பி0401 வந்தால் ஈஜிஆர் வழியாகப் போதிய புகை திரும்பி வரவில்லை. வால்வைக் கழற்றினால் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருக்கும். அதற்குரிய கிளீனரில் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டி, மாட்டிய பிறகு ஸ்கேனரில் வால்வின் மூடிய நிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சுத்தமான வால்வும் அதே கோடைத் தரும். தகடு வெட்டி ஈஜிஆரை அடைத்துக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் கோடு விழும், கோடு இருந்தால் ரீஜென் நடக்காது, மூன்று மாதத்தில் டிபிஎஃப் அடைத்துக்கொண்டு அதே வண்டி என்னிடம் வரும்.

"பின்னால கறுப்புப் புகை"

டிபிஎஃப் நன்றாக உள்ள வண்டியின் சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தால் துணி பெரிதாகக் கறுக்காது. துணி கரியாக வந்தால் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது உள்ளே ஒன்றுமே இல்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தத் துணிச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். பி2002 கோடும் இதையே சொல்லும்.

"கூலண்ட் குறையுது, எங்கயும் ஒழுகல"

ஈஜிஆர் கூலர் உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம். வெள்ளை ஆவி, இனிப்பான வாடை, இன்டேக் பக்கம் ஈரம் தெரியும். ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டி இஞ்சினைப் பிரிப்பதற்கு முன் கூலரைத் தனியாகக் கழற்றி அழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள்.

"யூரியா ஊத்தியும் லைட் அணையல, இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான்னு காட்டுது"

நாம் யூரியா என்று சொன்னாலும் டேங்கில் ஊற்றுவது உர யூரியா இல்லை. 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். இது புகைச்சூட்டில் அம்மோனியாவாகி, எஸ்சிஆர் கேட்டலிஸ்டில் நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது.

சில இடங்களில் உர மூட்டையைக் கரைத்து லேபிள் ஒட்டி விற்கிறார்கள். நம் நாட்டு உர யூரியா முழுவதும் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அந்த எண்ணெயும், போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து பம்பையும் யூரியாவைத் தெளிக்கும் டோசரையும் அடைத்து, கேட்டலிஸ்டையே கெடுத்துவிடும். கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலோ, மேலே எண்ணெய் மினுக்கோ இருந்தால் ஊற்றாதீர்கள். இரண்டு சொட்டில் செறிவு பார்க்கும் கைக்கருவி கிடைக்கிறது. அதில் 31.8-க்கும் 33.2-க்கும் இடையே நிற்க வேண்டும்.

நல்ல சரக்கும் நம் வெயிலில் கெடும். 25 டிகிரியில் 18 மாதம் தாங்குவது 35 டிகிரியில் 6 மாதம்தான். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் கேன் அடுக்கி வைத்திருக்கும் கடையில் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி தூக்கலாக அடித்தால் அது கெட ஆரம்பித்துவிட்டது.

சரக்கு சரி என்றால் டோசரைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் வெள்ளையாகக் கல் உப்பு போலக் கட்டியிருக்கும். வெந்நீரில் கரையும், கம்பி விட்டுக் குத்தத் தேவையில்லை. அளவு ஜாடிக்குள் டோசரை வைத்து ஸ்கேனரில் தெளிப்புச் சோதனை செய்யுங்கள். கையேட்டில் சொன்ன அளவு வருகிறதா, பூவாகத் தெளிக்கிறதா, தாரையாக ஒழுகுகிறதா என்று தெரிந்துவிடும். தெளிப்பும் சரியென்றால் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார். அதைக் குற்றம் சொல்வதற்கு முன் சைலன்சர் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிக்காற்று உள்ளே போனால் நல்ல சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும்.

இஞ்சினை அணைத்ததும் யூரியா பம்ப் சில நிமிடம் ஓடும். குழாயில் மிஞ்சியதை டேங்குக்குத் திரும்ப உறிஞ்சுகிறது. அந்தச் சத்தம் அடங்கும் முன் பேட்டரி கேபிளைக் கழற்றினால் மிஞ்சியது குழாயிலேயே உறைந்து கல்லாகும். வெல்டிங் வேலைக்கு விடும்போது இந்தத் தவறு நிறைய நடக்கிறது.

யூரியா டேங்கில் தவறி டீசல் ஊற்றிவிட்டால் சாவியே போடாதீர்கள். தள்ளி ஓரமாக்கி டேங்கை இறக்குங்கள். பம்ப் ஒருமுறை சுற்றினால் அந்த லைனில் உள்ள ரப்பர் எல்லாம் ஊறிப் போகும்.

"பேசாம எல்லாத்தையும் எடுத்துடலாமா?"

வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. வண்டியை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு விரோதம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மார்க்கெட்டில் நிற்கும் லோடுமேன்கள். மூட்டை இறக்கும்போது அவர்கள் முகம் இருப்பது சைலன்சருக்கு இரண்டடி தூரத்தில். டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. அந்தப் புகையிலிருந்து கரியைப் பிடிக்க வைத்த பெட்டியை உடைத்து எறிய எனக்குக் கை வரவில்லை.

"எல்லாம் பாத்தாச்சு, உண்மையிலயே அடைச்சிருக்கு"

இஞ்சினில் குறை இல்லை, ரீஜென் முழுதாக முடிகிறது, முடிந்த உடனேயே அழுத்த வித்தியாசம் உயரமாக நிற்கிறது என்றால் அது கரி இல்லை, சாம்பல். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியில் இது இயல்பு. பி242எஃப் கோடும் வரலாம். இப்போது கழற்றுவது நியாயம்.

வாட்டர் வாஷ் பம்பை நேராகப் பாய்ச்சினால் பீங்கான் சுவர் பெயரும். ஆசிட் ஊற்றினால் உள்ளே பூசிய கேட்டலிஸ்ட் போய்விடும். சூளையில் மெதுவாகச் சூடேற்றிக் கரியை எரித்து, பின்பக்கத்திலிருந்து காற்றடித்துச் சாம்பலைத் தள்ளும் இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எடை போட்டு எழுதுங்கள், வாங்கும்போது மறுபடி எடை போடுங்கள். எத்தனை கிராம் குறைந்தது என்பதுதான் வேலை நடந்ததற்கு அத்தாட்சி. அந்தச் சாம்பலைச் சுவாசிக்கக்கூடாது, வேலை செய்பவர் முகக்கவசம் போட வேண்டும்.

மாட்டியபின் ஸ்கேனரில் சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். புதிய வடிகட்டி போட்டிருந்தால் அதற்கான ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால் இசியு பழைய கணக்கிலேயே அடிக்கடி ரீஜென் செய்துகொண்டிருக்கும். பிறகு ஒரு ரீஜென் தொடங்கி முடியும் வரை நானே ஓட்டிப் பார்த்துத்தான் வண்டியைக் கொடுக்கிறேன். கிலோமீட்டரையும் அன்றைய அழுத்த வித்தியாசத்தையும் வண்டி எண்ணோடு நோட்டில் எழுதி, அடுத்த ஆயில் சர்வீஸில் அதே எண்களைத் திரும்ப எடுத்துப் பக்கத்தில் எழுதுகிறேன்.